நார் மில் இணையதளத்துக்குப் படம்: கட்டுப்படியாகிற விலையில், முறையான உரிமத்தோட எங்கே வாங்கறது?

பொள்ளாச்சி நார்க்காரர் | திங்கள் காலை

வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வெச்சிருக்கோம். அப்பா காலத்துல உரிமட்டை வாங்கி நார் அடிச்சு, கயிறு திரிக்கறவங்களுக்குப் போட்டுட்டு இருந்தோம். ஏழு வருசமா பித்தை, அதாவது தேங்காய் நார் அடிக்கும்போது உதிர்ற தூளைக் கழுவி, களத்துல காயவெச்சு, அஞ்சு கிலோ பிளாக்கா அழுத்தி ஏற்றுமதி பண்றோம். பசுமைக்குடில்ல மண்ணுக்குப் பதிலா இதுல தக்காளி, ஸ்ட்ராபெரி போடறவங்கதான் வாங்கறாங்க. நெதர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கன்டெய்னர் போகுது.

மூணு வருசம் முன்னாடி ஒருத்தர்கிட்டச் சொல்லி இணையதளம் செஞ்சோம். முகப்புல பசுமைக்குடில்ல தக்காளி வரிசையாத் தொங்கற படம். பார்க்க நல்லா இருந்துது, எங்கிருந்து வந்துதுன்னு நானும் கேட்கலை. போன வியாழக்கிழமை ஒரு மெயில். ‘இந்தப் படம் எங்க போட்டோகிராபருக்குச் சொந்தம், உங்க தளத்துல அனுமதி இல்லாம இருக்குது, 14 நாளுக்குள்ள 780 யூரோ கட்டுங்க’ன்னு. கூடவே நம்ம தளத்தோட ஸ்கிரீன்ஷாட், தேதியோட. தளம் செஞ்சவரைக் கூப்பிட்டுக் கேட்டா, “கூகுள்ல எடுத்ததுதாங்க, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க”ன்னு சொல்றார். படத்தை அன்னைக்கே எடுத்துட்டேன். ரெண்டு நாளாத் தூக்கம் இல்லீங்க.

எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். இந்த மெயிலை என்ன பண்றது? அப்புறம், தளத்துல இருக்கற மத்த படங்களையும் இனி நம்ப முடியாது. பதினஞ்சு, இருபது படம் புதுசா வேணும். சின்ன கம்பெனி, படத்துக்குன்னு பெருசா ஒதுக்க முடியாது. ஆனா இந்தத் தடவை ஒவ்வொண்ணும் சுத்தமா இருக்கணும். வழி சொல்லுங்க.

கோவை வலைத்தச்சன் | திங்கள் மதியம்

அண்ணா, பயப்படாதீங்க. அதுக்காக மெயிலைக் குப்பையிலயும் போட்டுடாதீங்க. ‘உங்க தளத்துல எங்க படம் இருக்கு, ஆதாரத்தை இங்க இறக்கிப் பாருங்க’ன்னு ஒரு லிங்க் வெச்சு, அழுத்தினா வைரஸ் இறங்கற மாதிரி மெயில் நிறைய சுத்துது. 2021-ல் தளங்களோட தொடர்புப் படிவம் வழியாவே இப்படி அனுப்பறாங்கன்னு மைக்ரோசாஃப்ட் எச்சரிச்சுது. இன்னொரு கூட்டம் காசு கேட்காது, ‘எங்க தளத்துக்கு ஒரு லிங்க் குடுத்தாப் போதும்’னு கேட்கும். தேடல்ல மேல வர்றதுக்காகப் பண்ற வேலை அது. அந்தப் படம் பெரும்பாலும் அவங்களோடதா இருக்காது.

உங்களுக்கு வந்தது நிஜம் மாதிரித்தான் தெரியுது. ஆனாலும் மெயில்ல இருக்கற எந்த லிங்க்கையும் அழுத்தாம, அந்த நிறுவனத்தோட பேரைத் தனியாத் தேடி அவங்க தளத்துக்குப் போங்க. படத்தைக் குடுத்தா அது எங்கெல்லாம் இருக்குன்னு தேடித் தர்ற டின்ஐ, கூகுள் லென்ஸ் ரெண்டுலயும் போட்டுப் பாருங்க. யார் பேர்ல, படம் விக்கற எந்த ஏஜென்சில விற்பனைக்கு இருக்குன்னு தெரிஞ்சுடும். அதே படம் ஏஜென்சில என்ன விலைக்குப் போகுதுங்கறதையும் குறிச்சு வைங்க. பேரம் பேச அதுதான் உங்க கையில இருக்கற எடைக்கல்.

ஒண்ணு கேட்கறேன். ‘எடுத்துட்டேன்’னு சொல்றீங்களே, பக்கத்துல இருந்து எடுத்தீங்களா, சர்வர்ல இருந்து எடுத்தீங்களா? உங்க தளம் வேர்ட்பிரஸ்ங்கற மென்பொருள்ல செஞ்சதுன்னா, ஒரு படம் ஏத்தினா அதுவே 150, 300, 768, 1024 பிக்சல்னு பல அளவுல பிரதி போட்டு வெச்சுக்கும். பக்கத்துல நீங்க நீக்கினாலும் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டர்ல எல்லாம் அப்படியே கிடக்கும். நேரடி முகவரியைப் போட்டா யார் வேணாலும் திறக்கலாம். மீடியா லைப்ரரிக்குப் போய் அழிங்க. அப்புறம் கேச்சை, அதாவது சீக்கிரம் திறக்கறதுக்காகச் சேமிச்சு வெச்சிருக்கற பழைய நகலைக் காலி பண்ணுங்க. அழிக்கறதுக்கு முன்னாடி, அது எந்தத் தேதில ஏறினதுன்னு தெரியற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. வக்கீல் கேட்பார்.

பொள்ளாச்சி நார்க்காரர் | திங்கள் மாலை

நீங்க சொன்னது சரிங்க தம்பி. ஃபோல்டர்ல ஆறு பிரதி இருந்துது. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அழிச்சாச்சு. லென்ஸ்ல தேடினதுல அந்த போட்டோகிராபர் பேரே வந்துது. மெயில் நிஜம்தானுங்க.

சட்டப்பக்கம் | திங்கள் இரவு

வழக்கறிஞராக இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் ஆவணங்களை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

‘வெளிநாட்டுக்காரர் படம்தானே, இங்கே என்ன செய்துவிட முடியும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நாட்டின் படைப்புக்கு மற்ற நாடுகளும் பதிப்புரிமைக் காப்பு தர ஒப்புக்கொண்ட பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. ஐரோப்பியர் எடுத்த படத்துக்கு இங்கேயும் காப்பு உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு விலக்கு தருகிறது. சரக்கு விற்கும் தளத்தின் முகப்புப் படம் அதில் அடங்காது. தெரிந்தே மீறினால் 63-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது வரை போகும். உங்கள் விஷயம் அங்கே போகாது என்றே நினைக்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்பது பதில் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே சமயம், கடிதம் வந்துவிட்டாலே அது தீர்ப்பு ஆகிவிடாது. அமெரிக்காவில் கரோல் ஹைஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் தன் படங்களைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று காங்கிரஸ் நூலகத்துக்கே கொடுத்திருந்தார். அவர் எடுத்த படத்தை அவருடைய அமைப்பின் தளத்தில் போட்டதற்கு அவருக்கே 120 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் 2016-ல் கெட்டி என்ற பட விற்பனை நிறுவனத்தின் மீதும் மற்றவர்கள் மீதும் ஒரு பில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பொதுச் சொத்தாக விட்டுவிட்டதால் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கை நிற்கவில்லை என்பது வேறு விஷயம். கடிதம் அனுப்புகிறவர் எல்லாரும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே நிதானமாக ஒரு பதில் போடுங்கள். படத்தை நீக்கிவிட்டோம், உரிமை உங்களுடையது என்பதற்கான ஆவணத்தையும், இந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கையும் அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள். ‘தப்பு செய்துவிட்டோம், மன்னியுங்கள்’ என்றெல்லாம் எழுத்தில் கொடுக்காதீர்கள். 14 நாள் முடிவதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும்.

தம்பி டிசைன்ஸ் | செவ்வாய் காலை

படத்துக்கு ஏன் சார் காசு? அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்ஸாபே மூணும் இருக்கே. எல்லாம் ஃப்ரீ. நான் இருபது தளத்துக்கு மேல அதுலதான் செஞ்சிருக்கேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.

கோவை வலைத்தச்சன் | செவ்வாய் காலை

நானும் அதுல எடுக்கறேன் தம்பி, நல்ல தளங்கள்தான். ஆனா ‘ஃப்ரீ’ங்கற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி எடுக்காதீங்க. அன்ஸ்பிளாஷ் 2017 வரைக்கும் சிசி ஜீரோவுல இருந்துது, அதாவது எடுத்தவர் உரிமையையே விட்டுக் குடுத்த படங்கள். அப்புறம் சொந்த உரிமத்துக்கு மாறினாங்க. பிக்ஸாபே 2019-ல் மாறுச்சு. இப்பவும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், பேர் போடணும்னு கட்டாயம் இல்ல. ஆனா படத்தை அப்படியே விக்கக் கூடாது, இந்த மாதிரி நிபந்தனை எல்லாம் உண்டு. அன்ஸ்பிளாஷ் 2021-ல் கெட்டிகிட்டப் போயிடுச்சு. பெக்சல்ஸும் பிக்ஸாபேயும் 2019-ல் கான்வாங்கற டிசைன் கம்பெனிகிட்ட. கை மாறும்போது விதியும் மாறலாம். நீங்க இறக்கின அன்னைக்கு என்ன விதி இருந்துதோ, அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பா எடுத்து வெச்சுக்கறது உங்க பொறுப்பு.

அதைவிட முக்கியமானது, இலவசத் தளத்துல படத்தை ஏத்தினவர் நிஜமாவே எடுத்தவர்தானான்னு யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர்றது இல்ல. படத்துல முகம் தெரியற ஆள்கிட்டச் சம்மதக் கடிதம் வாங்கினாங்களாங்கறதும் தெரியாது. என் வாடிக்கையாளர் ஒருத்தர், பல் ஆஸ்பத்திரி. இலவசத் தளத்துல இருந்து ஒரு பொண்ணு சிரிக்கற படத்தை எடுத்துப் போட்டோம். எட்டு மாசம் கழிச்சுப் பார்த்தா அந்தப் படம் அங்கிருந்து காணாமப் போயிடுச்சு. ஏன்னு தெரியலை. எங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. பேசாம எடுத்துட்டோம். அதுக்கப்புறம் எனக்கு ஒரே விதிதான்: முகம் தெரியற படம்னா காசு குடுத்து வாங்கினது, இல்லைன்னா நாமளே எடுத்தது. இலவசத் தளத்துல இலை, தண்ணி, மண், வானம் மட்டும்.

ஈரோடு மஞ்சள் | செவ்வாய் மதியம்

ராயல்டி ஃப்ரீன்னு போட்டிருக்கற படங்களும் இலவசம்தானுங்களா? ரொம்ப நாளாக் கேட்கணும்னு இருந்தேன்.

கோவை வலைத்தச்சன் | செவ்வாய் மதியம்

இல்லைங்க. ஒரு தடவை காசு குடுத்தா, ஒவ்வொரு தடவை பயன்படுத்தும்போதும் திரும்பக் குடுக்க வேண்டாம்னு அர்த்தம். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையாலயே எத்தனையோ பேர் மாட்டியிருக்காங்க.

வாங்கும்போது ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, ‘எடிட்டோரியல்’ முத்திரை. அது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும், பொருள் விக்கற பக்கத்துல வரக் கூடாது. சந்தை, திருவிழா, கூட்டம், கடைப் பலகை இருக்கற படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், சம்மதக் கடிதம் வாங்கியிருக்க மாட்டாங்க. இன்னொண்ணு, அச்சுக் கணக்கு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக்னு படம் விக்கற தளம் ரெண்டுலயும் சாதாரண உரிமத்துல 5,00,000 பிரதி வரைக்கும் அச்சடிக்கலாம். நோட்டீசு, கேட்டலாகுக்கு இது போதும். டி-சர்ட், கப்புல போட்டு விக்கணும்னா கூடுதல் உரிமம் தனியா வாங்கணும்.

பொள்ளாச்சி நார்க்காரர் | செவ்வாய் இரவு

அப்ப எதுல வாங்கறது கட்டும்? மாசச் சந்தாவா, ஒத்தைப் படமா?

கோவை வலைத்தச்சன் | செவ்வாய் இரவு

எத்தனை படம் வேணுங்கறதை முதல்ல முடிவு பண்ணுங்க அண்ணா. பெரும்பாலான பேர் சந்தாவைக் கட்டிட்டுத்தான் தேடவே ஆரம்பிக்கறாங்க, பாதி மாசம் அதுலயே போயிடுது. ஒரு பேப்பர்ல தளத்தோட ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி, எந்த இடத்துல என்ன படம்னு குறிங்க. அப்புறம் வாட்டர்மார்க் போட்ட மாதிரிப் படங்களை இறக்கிப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அதுக்குக் காசு கிடையாது. எல்லாம் பிடிச்சப்புறம் மொத்தமா ஒரே நாள்ல வாங்குங்க. நாலஞ்சு படம்னா கிரெடிட் போதும், அதாவது முன்கூட்டிக் காசு கட்டி ஒத்தை ஒத்தைப் படமாக் கழிச்சுக்கறது. ஐஸ்டாக்ல ‘எசென்ஷியல்ஸ்’ வகைக்கு ஒரு கிரெடிட், ‘சிக்னேச்சர்’ வகைக்கு மூணு. எசென்ஷியல்ஸை மட்டும் வடிகட்டித் தேடினாலே செலவு மூணுல ஒரு பங்காக் குறையும். பத்துப் படத்துக்கு மேலன்னா ஒரு மாசச் சந்தா லாபம்.

சந்தாவுல ஒரு பள்ளம் இருக்கு. விலைப் பட்டியல்ல மாசக் கட்டணம் குறைச்சலாத் தெரியறது பெரும்பாலும் வருச ஒப்பந்தம், மாசத் தவணை. நடுவுல நிறுத்தினா ரத்துக் கட்டணம் பிடிப்பாங்க. ‘எப்ப வேணாலும் நிறுத்தலாம்’னு இருக்கறது கொஞ்சம் விலை கூட, ஆனா உங்களுக்கு அதுதான் சரி. ஷட்டர்ஸ்டாக், அடோபி மாதிரி இடத்துல சந்தா இருக்கும்போது உரிமம் எடுத்த படத்தைச் சந்தா முடிஞ்சப்புறமும் வெச்சுக்கலாம். என்வாட்டோ எலிமென்ட்ஸ் அப்படி இல்ல. ஒவ்வொரு வேலைக்கும் தனி உரிமம், சந்தா நின்ன பிறகு அந்தப் படத்தைப் புது வேலைக்குத் தொடக் கூடாது. ஃப்ரீபிக்ல இலவசக் கணக்குன்னா எடுத்தவர் பேர் போடணும், காசு கட்டினாத்தான் அது வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, எங்க தொழில்காரங்களைப் பத்தியே சொல்றேன். தளம் செய்யறவர் தன்னோட கணக்குல படம் வாங்கி உங்களுக்குப் போட்டுக் குடுத்தா, ரசீது அவர் பேர்ல இருக்கும். நாளைக்கு அவர் தொழிலையே விட்டுட்டுப் போயிட்டா உங்ககிட்ட என்ன இருக்கு? கணக்கு உங்க கம்பெனி மெயில்ல, உங்க கார்டுல இருக்கட்டும். அவருக்கு இறக்கின படத்தை மட்டும் குடுங்க.

ஆடிட்டர் ஆபீஸ் | செவ்வாய் இரவு

அந்தக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் போடுங்கள். வெளிநாட்டு நிறுவனம் பில் போட்டால், விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18% நீங்கள் கட்ட வேண்டும், பிறகு அதையே உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பில்லைத் தொலைத்துவிட்டு மார்ச் கடைசியில் தேடுகிறவர்களைத்தான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

சிலாபத் தும்பு | புதன் காலை

வணக்கம் அண்ணை. நான் இலங்கை, சிலாபம். உங்கடை தொழில்தான். நீங்கள் பித் எண்டு சொல்லுறதை நாங்கள் தும்புச்சோறு எண்டு சொல்லுவம்.

விக்கிப்பீடியாவுக்குப் படம் சேர்த்து வைக்கிற தளம், விக்கிமீடியா கொமன்ஸை ஒருத்தரும் சொல்லேல்லை. அங்கை ‘வணிகத்துக்குக் கூடாது’ எண்ட நிபந்தனையோடை படம் ஏத்தவே விடமாட்டினம், அதாலை எங்களைப் போல ஆக்களுக்கு நல்ல இடம். ஆனால் கனக்கப் படங்களுக்கு எடுத்தவரின்ரை பேர், உரிமத்தின்ரை பேர், அதுக்கு இணைப்பு எல்லாம் போடவேணும். நான் தென்னந்தோப்புப் படம் ஒண்டை எடுத்து, பேர் போடாமல் விட்டிட்டன். எடுத்தவர் மரியாதையாத்தான் எழுதினார். அது கிரியேட்டிவ் கொமன்ஸ் 4.0 உரிமம், எடுத்தவர் நிபந்தனையோடை எல்லாருக்கும் இலவசமாத் தாற வகை. 2013-இலை வந்த அந்தப் பதிப்பிலை, பிழை தெரிய வந்து 30 நாளுக்குள்ளை திருத்தினால் உரிமம் திரும்பக் கிடைக்கும். அண்டைக்கே திருத்தினன். 2.0 போல பழைய பதிப்பு எண்டால் அந்த வசதி இல்லை, பிழை விட்ட உடனையே உரிமம் போயிடும். பேர் போடுறதிலை சின்னப் பிழையைப் பிடிச்சுக் காசு கேக்கிறதையே தொழிலா வச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம். உரிமத்தின்ரை பேருக்குப் பக்கத்திலை என்ன எண் நிக்குது எண்டு பாத்து எடுங்கோ.

இன்னொரு விசயம், எனக்கு மனவருத்தம் தந்தது. எங்கடை பக்கத்து மில்லிலை தும்பு காயப்போட்டிருக்கிற படம் ஒண்டு ஸ்டொக் தளத்திலை விலைக்கு இருக்கு. உங்கடை நாட்டிலையும் வேறை நாடுகளிலையும் எத்தனையோ கம்பனி ‘எங்கள் களம்’ எண்டு அதைப் போட்டிருக்கு. காசு குடுத்துத்தான் வாங்கியிருப்பினம், சட்டப்படி பிழை இல்லை. ஆனால் அது அவையின்ரை களம் இல்லையே.

பொள்ளாச்சி நார்க்காரர் | புதன் காலை

அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சதும் ஒரு நிமிசம் கையே ஓடலைங்க. என் தளத்துல ‘எங்கள் உற்பத்தி’ பக்கத்துல இருக்கற களம் எங்களோடது இல்ல. நம்மூர்க் களமே இல்ல. பின்னாடி தெரியற வீட்டுக் கூரையைப் பார்த்தாலே தெரியுது. போன வருசம் நெதர்லாந்துல இருந்து ஒரு வாங்கறவர் வீடியோ கால்ல மில்லைச் சுத்திக் காட்டச் சொன்னார். காட்டி முடிச்சதும், “தளத்துல இருக்கற களம் எங்கே?”ன்னு கேட்டார். என்னமோ சமாளிச்சேன். அந்த ஆர்டர் வரலை. விலையினாலன்னு இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

தம்பி டிசைன்ஸ் | புதன் மதியம்

அப்ப ஏஐல படம் போட்டுக்கலாமே சார். களம், பிளாக், தொழிலாளி எல்லாமே எழுதிக் குடுத்தா வரைஞ்சுடும். யாரும் உரிமை கேட்க மாட்டாங்க.

சிலாபத் தும்பு | புதன் மதியம்

நான் செய்து பாத்தனான் தம்பி. மட்டையைக் கேட்டால் மரப்பட்டையைப் போல கீறுது. பிளொக் கேட்டால் செங்கல்லைப் போல. எங்களிட்டை வாங்கிறவர் வருசம் முழுக்க அதைக் கையிலை எடுத்துப் பிசைஞ்சு பாக்கிற ஆள். அவருக்குத் தெரியாதோ?

சட்டப்பக்கம் | புதன் மாலை

உரிமை கேட்க யாரும் வரமாட்டார்கள் என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனிதப் படைப்பாளி இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. போட்டிக் கம்பெனி உங்கள் முகப்புப் படத்தை அப்படியே எடுத்துப் போட்டால் அங்கே நீங்கள் தடுப்பது கடினம். விற்கிற பொருளின் படத்துக்கு அதைப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இல்லாத சரக்கைக் காட்டி விற்பதாக ஆகிவிடும்.

மதுரை லென்ஸ் | புதன் இரவு

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன். எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க, ஆனா இந்த அண்ணனுக்கு வேண்டிய படத்துல முக்கால்வாசி அவர் மில்லுக்குள்ளயே கெடக்கு. அதை எந்த ஏஜென்சியும் விக்க முடியாது. பசுமைக்குடில் தக்காளி வேணுமா, வாங்குங்க. துறைமுகம், கப்பல், வாங்குங்க. உங்க களம், உங்க மெசினு, உங்க பிளாக்கு, உங்க ஆளுக, இதெல்லாம் நீங்கதான் எடுக்கணும்.

போட்டோகிராபரைக் கூப்பிட வசதி இல்லைன்னா போன் போதும். காலையில ஏழு மணிக்குக் களத்துக்குப் போங்க. அந்த நேரத்துல வெயில் சாஞ்சு விழும், பரப்பி வெச்ச பித்துல ஒவ்வொரு மேடு பள்ளமும் தனித்தனியாத் தெரியும். பன்னெண்டு மணிக்கு எடுத்தா எல்லாம் ஒரே காபித்தூளாட்டம் தட்டையா இருக்கும். பிளாக்கை வெளியில வெச்சு எடுக்காதீங்க. வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கத்துல ஒரு மேசை போட்டு, வெள்ளை சார்ட் பேப்பரைச் செவுத்துல இருந்து மேசை வரைக்கும் மடிக்காம வளைச்சு ஒட்டுங்க. இருட்டு விழுற பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்துங்க. ஜூம் பண்ணாதீங்க, பக்கத்துல போங்க. பிளாக் விளிம்புல நார் முடி முடியா நிக்கும் பாருங்க, அதுல ஃபோகஸ் வைங்க. அப்புறம் ஒரு கண்ணாடித் தொட்டியில பிளாக்கைப் போட்டுத் தண்ணி ஊத்தி, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு படம். அது உப்பி வர்ற வரிசையைப் பார்த்தாலே வாங்குறவனுக்கு உங்க பித் எப்படின்னு தெரிஞ்சு போகும். காசு குடுத்து வாங்குற படத்துல உங்க சரக்கோட நெறம் வருமா?

போட்டோகிராபரை வெச்சு எடுத்தா, எழுத்துல ஒண்ணு போட்டுக்கோங்க. என் தொழில்காரங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, சொல்றேன். காசு வாங்கிட்டு ஒருத்தர் கேட்டு எடுத்துக் குடுக்கற போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர்னு நம்ம சட்டம் சொல்லுதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. சட்டப்பக்கம் அக்கா சரிபார்த்துச் சொல்லட்டும். ஆனா பல பேர் பில்லுக்குப் பின்னாடி ‘உரிமை எங்களுக்கே’ன்னு அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவரும் தன்னோட ஆல்பத்துல காட்டிக்க அனுமதி குடுங்க, அது அவருக்குச் சோறு.

அப்புறம் ஆளுக. முகம் தெரியுற மாதிரி எடுத்தா, அவங்ககிட்டக் கேட்டு எழுதி வாங்குங்க. மொதலாளி கேட்டா ‘வேணாம்’னு சொல்ல முடியாதுன்னு நெனைக்கிற ஆளுக இருப்பாங்க. அதனால நீங்க கேட்காதீங்க, மேஸ்திரி மூலமாக் கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க. கையை மட்டும் எடுத்தாலும் அழகாத்தான் இருக்கும்.

சட்டப்பக்கம் | புதன் இரவு

மதுரைத் தம்பி சொன்னது சரி. 17-ஆவது பிரிவு, ‘பி’ உட்பிரிவு. உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதென்றால் 19-ஆவது பிரிவின்படி எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவில் இருப்பதால், எந்தக் காகிதமானாலும் ‘உலகம் முழுவதும், காலவரையறை இன்றி’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பொள்ளாச்சி நார்க்காரர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நடந்ததைச் சொல்லாம இருந்தா நல்லா இருக்காது.

வக்கீல் மூலமாப் பதில் போட்டோம். போட்டோகிராபர் அவங்களுக்குக் குடுத்த அதிகாரக் கடிதத்தையும், மூலப் படத்தையும் அனுப்பினாங்க. உரிமை அவருதுதான், அதுல சந்தேகமில்லை. அதே படம் ஏஜென்சில என்ன விலைங்கற பக்கத்தை வக்கீல் எடுத்துக் காட்டினார். நாலு மெயில் போச்சு, வந்துது. கடைசில 310 யூரோவுக்கு முடிஞ்சுது, ‘பழைய பயன்பாட்டுக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ன்னு எழுதி வாங்கிட்டுத்தான் கட்டினோம். காசு போனது வலிக்குது. ஆனா அந்த மனுசன் எந்த ஊர்லயோ விடிகாலைல பசுமைக்குடில்ல நின்னு எடுத்த படத்தை மூணு வருசம் என் கடை வாசல்ல மாட்டி வெச்சிருந்தேன். அதுக்கான கூலின்னு நினைச்சுக்கறேன்.

பேப்பர்ல எழுதிப் பார்த்ததுல பத்தொன்பது இடம் வந்துது. அஞ்சு படம் கிரெடிட்ல வாங்கினோம், கம்பெனி பேர்லயே. மூணு அன்ஸ்பிளாஷ், எல்லாம் இலையும் தண்ணியும். மீதி பதினொண்ணும் நாங்களே எடுத்தோம், பெரிய பொண்ணு போன்ல. எக்செல்ல ஒரு தாள் போட்டிருக்கு: படத்தோட பேர், எங்கிருந்து, எந்தத் தேதி, யார் எடுத்தது, பில் நம்பர், உரிமப் பக்கத்தோட பிடிஎஃப் எந்த ஃபோல்டர்ல. புதுசா ஒரு படம் தளத்துல ஏறணும்னா முதல்ல அந்தத் தாள்ல ஏறணும்னு சொல்லிட்டேன்.

களத்துப் படம் ஏழே கால் மணிக்கு எடுத்தது. ஒடிசாக்காரத் தம்பியும் அவர் சம்சாரமும் பித்தை வாரி விடறாங்க, தூசி மேல எழும்பி வெயில்ல நிக்குது. பின்னாடி எங்க தண்ணித் தொட்டி, அப்பா கட்டினது. மேஸ்திரிதான் கேட்டார். அந்தப் பொண்ணு முதல்ல வேண்டாம்னுட்டாங்க, மூஞ்சி தெரியாமத்தான் எடுத்தோம். போன்ல காட்டினதும் அவங்களே இன்னொண்ணு எடுக்கச் சொன்னாங்க, புதுச் சேலை கட்டிட்டு வந்து. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அவங்க ஊருக்கு அனுப்பக் குடுத்திருக்கோம்.

ஈரோடு மஞ்சள் | ஞாயிறு மாலை

சம்மதக் கடிதம் எப்படி எழுதினீங்கன்னு இங்க போட முடியுங்களா அண்ணா? எங்க மஞ்சள் மண்டியிலயும் எடுக்கணும்.

பொள்ளாச்சி நார்க்காரர் | ஞாயிறு இரவு

இதோங்க. வக்கீல் பார்த்துத் திருத்திக் குடுத்தது. ஒடியாவுல ஒரு பிரதி எழுதி, படிச்சுக் காட்டி, அதுலதான் கையெழுத்து வாங்கினோம்.

‘நான் வேலை செய்யும்போது எடுத்த படங்களை இந்த நிறுவனம் தன் இணையதளத்திலும், கேட்டலாகிலும், கண்காட்சிப் பலகையிலும், எல்லா நாடுகளிலும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. என் பெயரைப் போடக் கூடாது. இதற்குச் சம்மதிக்காவிட்டாலும் என் வேலைக்கோ கூலிக்கோ எந்தக் குறையும் வராது என்று எனக்குச் சொல்லப்பட்டது. பிறகு எப்போது வேண்டாம் என்று சொன்னாலும் 15 நாளுக்குள் இணையதளத்திலிருந்து படத்தை எடுத்துவிட வேண்டும். படத்தின் ஒரு பிரதி எனக்குத் தரப்பட்டது.’

கீழ தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு, சாட்சியா மேஸ்திரி. படத்தையும் சின்னதா அச்சடிச்சு அந்தத் தாள்லயே ஒட்டிடுங்க, எந்தப் படத்துக்குன்னு பின்னாடி குழப்பம் வராது.